ஆட்டுக்காலில் மணிக்கட்டு எங்கே இருக்கிறது?

மனிதக் கை, வௌவால் இறக்கை, குதிரையின் முன்னங்கால், திமிங்கிலத் துடுப்பு: நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து, ஒத்த எலும்புக்கு ஒரே வண்ணம் அடித்த படத்தைக் கடலூர், புதுச்சேரி பள்ளிக் கண்காட்சிகளில் பார்த்திருப்பீர்கள். இவை எல்லாம் ஒரே மூதாதையிலிருந்து வந்தவை என்று காட்டும் படம் அது. படம் சரிதான். விளக்கம் சொல்லும்போதுதான் சறுக்குகிறது.

பெரிய தவறு, வெளித்தோற்றத்தை நம்புவது. சுறாவின் பக்கத் துடுப்பும் ஓங்கிலின் (டால்பின்) துடுப்பும் பார்க்க ஒரே அச்சு. ஆனால் சுறாவுக்கு உள்ளே இருப்பது குருத்தெலும்புதான். ஓங்கிலுக்கோ குட்டையான மேற்கை எலும்பு, அடுத்து இரண்டு முன்கை எலும்புகள், மணிக்கட்டு, விரல்கள் என்று நம் கையின் வரிசை அப்படியே இருக்கிறது. உறவு முறையில் ஓங்கிலுக்குச் சுறாவைவிட வௌவால்தான் நெருக்கம். (சரிபார்க்கிறேன் என்று தேவனாம்பட்டினம் கரையில் ஒதுங்கிய ஓங்கிலின் எலும்பை எடுத்து வந்துவிடாதீர்கள், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.)

சரிபார்க்க ஆட்டுக்கால் பாயா போதும். அதில் வரும் நீள எலும்பை முன்கை எலும்பு என்றே பலரும் நினைக்கிறார்கள். முன்னங்கால் என்றால் அது உள்ளங்கை எலும்பு! நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் உரிய இரண்டு எலும்புகள் ஒட்டி ஒன்றானவை. நடுவில் ஓடும் பள்ளமும், குளம்புப் பக்கம் இரண்டாகப் பிரியும் முனையும் அதைக் காட்டிக்கொடுக்கும். அப்படியானால் அதற்கு மேலே நாம் 'முட்டி' என்று சொல்வது ஆட்டின் மணிக்கட்டு. பின்னங்காலில் பின்பக்கம் துருத்துவது குதிகால்; உண்மையான முழங்கால் வயிற்றை ஒட்டி மேலே இருக்கிறது. அதனால் படத்தில் வண்ணம் அடிக்கும்போது தோள்பட்டையில் தொடங்கி ஒவ்வொரு மூட்டாக இறங்குங்கள். குளம்பிலிருந்து மேலே ஏறினால் நிச்சயம் தப்பும்.

எண்ணிக்கையை வைத்துப் பொருத்துவதும் உதவாது. குதிரைக்கு ஒரு விரல், கோழி இறக்கையில் மூன்று. ஓங்கிலின் விரல்களில் நம்மைவிட அதிக எலும்புத் துண்டுகள். எது எதோடு இணைகிறது என்பதுதான் கணக்கு.

வௌவால் இறக்கையும் பறவை இறக்கையும் அமைப்பு ஒத்தவையா (பொது மூதாதையிடமிருந்து ஒரே எலும்பு வரிசையைப் பெற்றவை), செயல் ஒத்தவையா (தனித்தனியே உருவாகி ஒரே வேலையைச் செய்பவை)? இரண்டும்தான். முன்னங்கால் என்ற அளவில் அமைப்பு ஒத்தவை. இறக்கையாக, தனித்தனியே உருவானவை: வௌவாலுக்கு நீண்ட விரல்கள் தோலைத் தாங்குகின்றன, பறவைக்கு இறகுகள். தும்பியின் இறக்கையில் எலும்பே கிடையாது, அதை இந்த வரிசையில் சேர்க்காதீர்கள்.

அப்புறம், 'குதிரையிலிருந்து மனிதன் வந்தான்' என்று இந்தப் படம் சொல்லவில்லை. இருவருக்கும் பொதுவான மூதாதை ஒன்று இருந்தது, அவ்வளவுதான்.

நுட்பமான தவறு ஒன்று உண்டு. 'ஒரே மூதாதை, அதனால் ஒத்த எலும்பு. ஒத்த எலும்பு, அதனால் ஒரே மூதாதை' என்று சுற்றிச் சுற்றி வருவது. பிரெஞ்சு இயற்கையியலாளர் பியேர் பெலோன் 1555-லேயே பறவை, மனித எலும்புக்கூடுகளை அருகருகே வரைந்து பொருத்திக் காட்டினார். பொது மூதாதையைப் பற்றிப் பேசிய டார்வின் நூல் வந்தது 1859-ல். ஆக, எலும்பைப் பொருத்த மூதாதைக் கதை தேவைப்படவில்லை. இடமும் இணைப்பும் போதுமாக இருந்தன. மூதாதைக்குத் தனிச் சாட்சி புதைபடிவங்களில் இருக்கிறது. கனடாவின் வடதுருவப் பகுதியில் 2004-ல் கிடைத்த டிக்டாலிக், சுமார் 37.5 கோடி ஆண்டு பழைய மீன். அதன் துடுப்புக்குள் மேற்கை எலும்பும் இரண்டு முன்கை எலும்புகளும் இருக்கின்றன. விரல்களுக்குப் பதில், நுனியில் மீனுக்குரிய துடுப்புக் கதிர்கள். அதாவது, மீனுக்கும் கால் உள்ள விலங்குகளுக்கும் இடைப்பட்ட வடிவம்.