மருந்துக்கு முன் ஐந்து வாளித் தண்ணீர்

மேலூருக்குப் பக்கத்தில் பத்து சென்ட் குட்டையில் கட்லாவும் ரோகுவும் வளர்க்கிறேன். மீன் கரையில் உடம்பைத் தேய்த்தாலும், காரணமில்லாமல் துள்ளினாலும் அன்றைக்கே வலை வீசி நாலைந்து மீனைக் கையில் எடுத்துப் பார்த்துவிடுவேன். எள்ளைவிடப் பெரிதாக, தட்டையாக, செதில் மேல் ஊர்ந்தால் அது மீன் பேன், மீனின் உடம்பில் ஒட்டி வாழும் ஒட்டுண்ணி.

அதற்கு நான் போடுவது பொட்டாசியம் பெர்மாங்கனேட், தண்ணீரை ஊதாவாக்கும் மணி மணியான உப்பு. முதல் வருடம் லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்று யாரோ சொன்ன கணக்கை நம்பி அப்படியே கொட்டினேன். சாணம் போட்டு வளர்த்த பச்சைத் தண்ணீர். ஒரு மணி நேரத்தில் ஊதா பழுப்பாகிவிட்டது. பேன் இருந்தபடியே இருந்தது. இந்த மருந்துக்குப் பேன், பாசி, சாணம் என்ற பேதம் கிடையாது. அகப்பட்டதோடெல்லாம் வினைபுரிந்து தீர்ந்துபோகும். எட்டு மணி நேரமாவது நிறம் நின்றால்தான் பேனுக்கு வேலை செய்யும்.

அதனால் முந்தின நாள் வாளி வைத்துப் பாருங்கள். 1 கிராம் மருந்தை 1 லிட்டர் நல்ல தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வெள்ளை வாளிகளில் பத்துப் பத்து லிட்டர் குட்டைத் தண்ணீர் பிடித்து, வரிசையாக 10, 20, 30, 40, 50 மில்லி கரைசலை ஊற்றுங்கள். அது லிட்டருக்கு 1 முதல் 5 மில்லிகிராம். 15 நிமிடம் கழித்தும் இளஞ்சிவப்பு மாறாத வாளிகளில் குறைந்த அளவு எதுவோ, அதை இரண்டரையால் பெருக்கினால் குட்டைக்கான அளவு கிடைக்கும்.

குட்டையின் ஆழத்தைக் கம்பு விட்டு ஆறேழு இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். என்னுடையது நாலடி, தண்ணீர் ஏறக்குறைய 4.9 லட்சம் லிட்டர். முதல் வாளியே நிறம் காத்தால் லிட்டருக்கு 2.5 மில்லிகிராம், மொத்தம் ஒன்றேகால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டாம் வாளியும் பழுப்பாகிவிட்டால் நான் மருந்தைத் தொடமாட்டேன். சாணத்தை நிறுத்தி, பாதித் தண்ணீரை மாற்றிய பிறகே மறுபடி வாளி வைப்பேன்.

முதல் நாளே தீனியை நிறுத்திவிடுங்கள். காலையில் கையுறை போட்டு, பிளாஸ்டிக் டிரம்மில் மருந்தில் ஒரு மணிகூட மிஞ்சாமல் கரைத்து, குட்டை முழுவதும் பரவலாகத் தெளியுங்கள். கரையாத மணி மீனின் செவுளைப் பொசுக்கும். மீன் நோய்க்குப் போடும் இன்னொரு மருந்தான பார்மலினை இதனோடு கலக்கவே கூடாது, பக்கத்தில்கூட வைக்காதீர்கள். பாசி செத்தால் விடியற்காலையில் பிராணவாயு குறையும். காற்றூட்டும் மோட்டார் அன்றிரவு நிற்காமல் ஓட வேண்டும். மீன் வாய் பிளந்து மேலே வந்தால் உடனே புதுத் தண்ணீரைத் திறந்துவிடுங்கள்.

பேன் முட்டைக்கு இந்த மருந்து எட்டாது. கல்லிலும் குச்சியிலும் ஒட்டியிருக்கும் முட்டைகள் இரண்டு மூன்று வாரத்தில் பொரிக்கும். குட்டையில் மூங்கில் பட்டைகளைச் செருகி வைத்து, வாரம் ஒருமுறை உருவி எடுத்து வெயிலில் காயவைக்கிறேன். மூன்றாம் வாரம் மறுபடி வலை வீசிப் பார்த்து, பேன் இருந்தால் ஐந்து வாளியிலிருந்தே தொடங்குகிறேன்.