சம்பானுக்குச் சாயம் அடிப்பதற்கு முன்னால்

அலுமினியப் படகுக்குச் சாயமே தேவையில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக் கொட்டகைக்கு வருகிறவர்கள் எல்லாம் கேட்கிற முதல் கேள்வி, "அண்ணே, என்ன சாயம் அடிச்சீங்க?" என்பதுதான். தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ரிவெட்டை எப்படி இறுக்கினீர்கள், மோட்டார் மாட்டும் பின்பலகைக்கு என்ன மரம் போட்டீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. சாயம் உரிந்துபோன படகு மிதக்கும். ரிவெட் தளர்ந்த படகு, எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், தோமான் மீன் பிடிக்கப் போன இடத்தில் காலை நனைக்கும்.

எங்கள் ஊர் மலேசியாவில், சிலாங்கூரில் இருக்கிற பெஸ்தாரி ஜெயா. பெயர் மாறியது 2007இல். வீட்டில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். சுற்றிலும் செம்பனை. நாட்டில் முதன்முதலில் வியாபாரத்துக்காகச் செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம், 1917இல் போட்டது, இந்தப் பக்கம்தான். அந்தப் பக்கம் போனால் வெள்ளீயம் தோண்டி எடுத்த மிதவைக் கப்பல்கள் விட்டுப்போன குட்டைகள். தோட்டக்காட்டில் சம்பான் எதற்கு என்று கேட்பவர்களுக்கு அந்தக் குட்டைகள்தான் பதில். நான் ஆலைப் பட்டறையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். என்னிடம் இருப்பது பதினான்கு அடிப் படகு, முழுக்க ரிவெட் அடித்தது. முன்பு வைத்திருந்தவர் பழைய இரும்புக்கடையில் விலை கேட்டிருக்கிறார். அவர்கள் கிலோ கணக்கில் சொன்னதும் மனம் வராமல் என்னிடம் தள்ளிவிட்டார்.

இந்த ரிவெட் படகுகள் விமானப் பட்டறையின் பிள்ளைகள். இரண்டாம் உலகப்போர் முடிகிற நேரத்தில், அமெரிக்காவில் போர் விமானம் செய்த கிரம்மன் நிறுவனம் அதே மாதிரித் தகட்டையும் ரிவெட்டையும் வைத்துச் சிறு படகு செய்ய ஆரம்பித்தது. தகடு சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் கனம்தான். ஆகவே இரும்பு வேலைக்காரனின் கைப்பலத்தை இதில் காட்டக் கூடாது.

முதலில் ஒழுகல்

படகைப் பழைய டயர்கள்மேல் நிமிர்த்தி வையுங்கள். நடுமுதுகுக்குக் கீழே முட்டு இருக்க வேண்டும். அப்புறம் உள்ளே தண்ணீர் விடுங்கள். ஆற்றில் இறக்கிப் பார்த்தால் தண்ணீர் உள்ளே வருவது தெரியும், எந்த வழியாக வருகிறது என்று தெரியாது. உள்ளிருந்து வெளியே கசிய விட்டால் ஒவ்வொரு ஓட்டையும் தானே வியர்த்துக் காட்டும். ஆனால் அளவோடு விடுங்கள். பத்து சென்டிமீட்டர் உயரத்துக்கே இந்த அளவுப் படகில் நானூறு கிலோ ஏறிவிடும். முட்டு இல்லாத இடத்தில் தகடு வளையும். கசிகிற ரிவெட்டையெல்லாம் வெளியே மெழுகுக் குச்சியால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். மார்க்கர் பேனா ஈரத்தில் எழுதாது.

தளர்ந்த ரிவெட்டை இறுக்க இரண்டு பேர் வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டாவது ஆள் என் மனைவி. படகை ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு, அவள் வெளியே உட்கார்ந்து ரிவெட்டின் உருண்டைத் தலைமேல் கனமான இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிப்பாள். தலை நசுங்காமல் இருக்கக் கட்டியின் முகத்தில் இரண்டு சுற்று டேப் ஒட்டியிருக்கும். நான் உள்ளே இருந்து வால் பக்கத்தைச் சுத்தியலால் தட்டுவேன். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஆகவே அவள் கட்டியைச் சரியாக வைத்ததும் தகட்டில் ஒரு தட்டு. நகர வேண்டும் என்றால் இரண்டு தட்டு. கட்டி விலகியிருக்கும்போது நான் அடித்தால் ரிவெட் வெளியே தள்ளிக்கொண்டு வரும். "என்னங்க, கொஞ்சம் பொறுங்க, கை வழுக்குது" என்ற குரலுக்கு மரியாதை கொடுப்பது நல்லது.

எத்தனை அடி என்று கேட்டால், காதைக் கேளுங்கள். தளர்ந்த ரிவெட் 'டொக்' என்று ஊமையாகச் சொல்லும். இறுகியதும் சத்தம் 'டிங்' என்று மாறும். அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். இன்னும் இரண்டு போடலாமே என்று போட்டால் அலுமினியம் அடி வாங்க வாங்கக் கடினமாகி விளிம்பில் வெடிக்கும். பக்கத்து ரிவெட்டும் தளரும்.

இறுகாததை வெட்டி எடுத்துப் புதிது போட வேண்டும். தலையின் நடுவில் குறி வைத்து, தலையை மட்டும் துளைத்து, மிச்சத்தைப் பன்ச் வைத்துத் தட்டி எடுங்கள். தகட்டையும் சேர்த்துத் துளைத்தால் ஓட்டை பெரிதாகிவிடும். புது ரிவெட் அலுமினியமாகவே இருக்கட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வால், ரிவெட்டின் குறுக்களவைப்போல ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். 4.8 மில்லிமீட்டர் ரிவெட்டுக்கு ஏழு மில்லிமீட்டர். அடித்து முடித்ததும் அந்த வால் ஏழு மில்லிமீட்டர் அகலத்துக்குப் பரந்து, அதில் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் உட்கார்ந்திருந்தால் வேலை சரி. கை போகாத இடத்துக்கு மட்டும், ஒரே பக்கத்திலிருந்து இழுத்து இறுக்குகிற பாப் ரிவெட்டில் முனை மூடிய வகையைப் போடலாம். ஓட்டையில் சிக்காஃப்ளெக்ஸ் மாதிரி கடல் வேலைக்கான பாலியூரித்தேன் பசை வைத்துவிட்டு. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் நடு ஓட்டையுள்ள பாப் ரிவெட் வேண்டாம், அதன் வழியாகவே தண்ணீர் வரும். குளியலறைச் சிலிக்கோனும் வேண்டாம். ஒழுகலையும் நெடுநாள் அடைக்காது, அது பட்ட இடத்தில் பிறகு சாயமும் நிற்காது.

வெல்டிங் செய்துவிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். ரிவெட் வரிசையின்மேல் வேண்டாம். பழைய பசை உள்ளே எரிந்து புகையும், சூட்டில் பக்கத்து ரிவெட்டுகள் தளரும். அவ்வளவுதான்.

செம்பு பகை

அலுமினியத்தைத் தின்பது தண்ணீர் அல்ல, தண்ணீரோடு சேர்ந்த இன்னொரு உலோகம். படகின் அடியில் ஒரு துண்டுச் செம்புக் கம்பி விழுந்து கிடந்தால் போதும், கொஞ்ச காலத்தில் அந்த இடத்தில் வெள்ளை மாவு பூத்து ஊசி ஓட்டை விழும். உள் தரையைக் கழுவும்போது மூலை முடுக்கில் கிடக்கும் தூண்டில் முள், ஈயக் குண்டு, சில்லறைக் காசு எல்லாவற்றையும் பொறுக்கி எடுங்கள்.

இதே காரணத்தால்தான் பின்பலகை விஷயத்தில் கவனம். மோட்டார் தொங்குகிற அந்தப் பலகை பழைய படகில் அநேகமாக உளுத்துப் போயிருக்கும். ஸ்குரூடிரைவரால் குத்தினால் பிஸ்கட் மாதிரி இறங்கும். மரக்கடையில் கறையானுக்கு மருந்து ஏற்றிய பச்சை நிறப் பலகையைத் தூக்கிக் கொடுப்பார்கள், நீடிக்கும் என்று சத்தியமும் செய்வார்கள். மரம் நீடிக்கும், படகு நீடிக்காது. அந்த மருந்தில் செம்பு இருக்கிறது. மரைன் பிளைவுட் வாங்குங்கள். பழைய பலகையை அச்சாக வைத்து வெட்டி, போல்ட் ஓட்டைகளையும் துளைத்த பிறகு, எல்லா முகத்துக்கும் ஓட்டைகளின் உள்ளுக்கும் எபாக்சி மூன்று கை பூசுங்கள். முக்கியமாக வெட்டுமுனை, தண்ணீரை உறிஞ்சுவது அங்கேதான். போல்ட் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு. அதற்கும் தகட்டுக்கும் நடுவில் பிளாஸ்டிக் வாஷரும் பசையும் இருக்கட்டும்.

உட்காரும் பலகைகளுக்கு உள்ளே நுரை இருக்கும். அதை எடுத்துக் கையில் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் தண்ணீர் குடித்திருக்கிறது என்று அர்த்தம், மாற்றிவிடுங்கள். தண்ணீர் ஏறாத மூடிய அறை நுரைப் பலகைதான் வேண்டும். இடத்தை மிச்சப்படுத்தலாம் என்று நுரையை எடுத்துவிட்டுச் சாமான் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். படகு கவிழ்ந்தால் மிதக்க வைப்பது அது மட்டும்தான்.

பழைய சாயம்

காஸ்டிக் சோடா பக்கம் போகாதீர்கள். சலவைச் சோடாவில் ஊறிய அலுமினியச் சட்டி கறுத்துப் போவது சமையலறையில் எல்லாருக்கும் தெரியும். காஸ்டிக் இன்னும் மோசம், தகட்டையே கரைக்கும், தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயு கிளம்பும். அலுமினியத்துக்கு ஆகும் என்று டப்பாவில் போட்டிருக்கிற சாய உரிப்பான் வாங்கி, வெளிக்காற்றில், தடித்த கையுறையோடு பூசி, பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டுங்கள். இரும்புக் கம்பித் தூரிகை வேண்டாம். அதன் துகள்கள் தகட்டில் பதிந்து, பிறகு சாயத்துக்கு அடியில் துருப்புள்ளியாக எழும்பும். நைலான் தூரிகை, ஸ்காட்ச்-பிரைட், அலுமினியம் ஆக்சைடு உப்புத்தாள், இவை போதும். மணல் பீய்ச்சி அடிக்கும் பட்டறைக்கும் கொண்டுபோகாதீர்கள், மெல்லிய தகடு அலை அலையாக வளைந்து திரும்பி வரும்.

சாயத்துக்கு அடியில் மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு பூச்சு தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். பழைய படகுகளில் அது பெரும்பாலும் ஜிங்க் குரோமேட்; அதன் தூள் புற்றுநோய் தரக்கூடியது. அதற்கு மேல் இருக்கும் பழைய சாயத்தில் ஈயமும் இருக்கலாம். உலர்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது. ஈரமாக்கித் தேயுங்கள், தூசுக்கான முகக்கவசம் போடுங்கள், கழிவை விரிப்பில் பிடித்து ஒதுக்குங்கள். பேரப்பிள்ளைகள் விளையாடுகிற வாசலில் இந்த வேலை வேண்டவே வேண்டாம். நல்லபடியாக ஒட்டியிருந்தால் அதை அப்படியே விட்டுவிட்டு மேலே பூசுவதுதான் புத்திசாலித்தனம்.

சாயம்

அலுமினியம் காற்றுப் பட்ட நொடியிலேயே மெல்லிய ஆக்சைடுத் தோல் ஒன்று போர்த்திக்கொள்ளும். சாயம் இல்லாமலே அது பிழைத்திருப்பது அந்தத் தோலால்தான். சாயத்தைத் தள்ளிவிடுவதும் அதே தோல்தான். நேரம் போகப்போக அது தடிக்கும், நம் ஊர்க் காற்றில் ஈரமும் சேரும். ஆகவே தேய்த்தல் ஒரு நாள், பிரைமர் மறுநாள் என்று பிரிக்காதீர்கள்.

முதலில் சோப்புத் தண்ணீர், அப்புறம் தின்னர் தொட்ட வெள்ளைத் துணி. எண்ணெய் இருக்கும்போதே உப்புத்தாள் போட்டால் எண்ணெயை உள்ளே தேய்த்து ஏற்றுவீர்கள். பிறகு 80ஆம் எண் உப்புத்தாள், அதன்மேல் 120. தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டால் இன்னும் எண்ணெய் இருக்கிறது. ஒரே படலமாக வழிந்தால் சுத்தம். காய்ந்ததும் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஸ்காட்ச்-பிரைட்டால் இன்னொரு முறை வேகமாகத் தேய்த்து, துடைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் இரண்டு பாக எபாக்சி பிரைமரை உருட்டிவிடுங்கள். பிறகு அடுத்த பக்கம். ஆசிட் கலந்த எட்ச் பிரைமர் போடுபவர்களும் உண்டு, அதுவும் பிடிக்கும். ஆனால் அதன்மேல் எபாக்சி போடலாம் என்று டப்பாவில் எழுதியிருந்தால் ஒழிய இரண்டையும் கலக்காதீர்கள். ஜோத்துனோ நிப்பானோ, எந்தக் கம்பெனியானாலும் பிரைமரும் மேல் சாயமும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக இருக்கட்டும்.

நேரம் பார்ப்பது இங்கே பெரிய வேலை. காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். தகட்டின் சூடு, பனி படிகிற அளவைவிடக் குறைந்தது மூன்று பாகை மேலே இருக்க வேண்டும். நம் விடியற்காலையில் இரண்டும் நடக்காது, தகட்டைத் தொட்டாலே கை ஈரமாகும். காலை பத்து மணிக்கு ஆரம்பித்துப் பகல் ஒரு மணிக்குள் முடித்துவிடுங்கள். மூன்று மணிக்கு இடி இடிக்கும் என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள். வெயிலிலும் வேண்டாம், தகடு சுட்டால் சாயம் மேலே தோல் கட்டி உள்ளே கொப்பளிக்கும். கொட்டகை நிழல், நான்கு பக்கமும் காற்று. மழை விட்ட சாயங்காலம் விளக்கு போட்டு வேலை செய்தால் ஈசல் எல்லாம் உங்கள் சாயத்தில்தான் வந்து உட்காரும்.

மேல் சாயத்துக்கு இரண்டு பாகப் பாலியூரித்தேன் நன்றாக நிற்கும், ஆனால் அதை வீட்டில் பீய்ச்சாதீர்கள். அதிலிருக்கும் ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆகாது, சாதாரண முகக்கவசம் தடுக்காது. நுரை உருளையால் மெல்லிசாக உருட்டி, உடனே நல்ல தூரிகையின் நுனியால் ஒரே திசையில் தடவிக் கொடுங்கள். கண்ணாடி மாதிரி வராது. பக்கத்து வீட்டுக்காரர் இருமாமல் இருப்பார். நான் ஒரு பாக மரைன் எனாமலோடு நிறுத்திக்கொண்டேன். மூன்று மெல்லிய கை, நடுவில் 320 உப்புத்தாள். உள்ளே வெள்ளை அடிக்காதீர்கள், நடுப்பகல் குட்டையில் கண் கூசும். வெளிர் சாம்பல் நல்லது. கால் வைக்கும் இடத்தில் கழுவிச் சலித்த மெல்லிய மணலை ஈரச் சாயத்தில் தூவி, மேலே ஒரு கை ஓட்டுங்கள். கடற்கரை மணல் உப்பு, அது வேண்டாம்.

பாசி பிடிக்காது என்று கடைக்காரர் காட்டுகிற அடிச்சாயத்தில் பெரும்பாலானவை செம்பு கலந்தவை. அலுமினியத்தில் போடவே கூடாது. வீட்டுக்குத் திரும்பி வந்து டிரைலரில் ஏறுகிற படகுக்கு அது தேவையும் இல்லை.

தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காகத் தண்ணீரில் இறக்காதீர்கள். டப்பாவில் போட்டிருக்கிற முழு நாளும் காயட்டும். மழைக்காலம் என்றால் இன்னும் கொஞ்சம். நகத்தால் அழுத்தினால் தடம் விழக் கூடாது. அதற்குள் டிரைலரைப் பாருங்கள். படகு உட்காரும் பலகைகளும் அதே பச்சை மருந்து மரமாக இருந்தால், மேலே விரித்த கம்பளம் மழையில் ஊறி, செம்புத் தண்ணீரை இரவு பகலாக உங்கள் புதுச் சாயத்தின்மேல் வைத்திருக்கும். அந்தப் பலகைகளையும் மாற்றிவிட்டு, படகின் வடிகால் ஓட்டை மூடியை, மறக்காமல் இருக்க, வண்டிச் சாவியோடு கோத்து வையுங்கள்.