போர்வெல் தண்ணீரில் குறுவை நெல்லா? வயலில் ஒரு துண்டு பைப்பைப் புதையுங்கள்

வயலுக்கு எப்போது தண்ணீர் பாய்ச்சுவது என்று பார்க்க, ஒரு அடி நீளமுள்ள 4 அல்லது 6 அங்குல பிவிசி பைப் ஒன்றை எடுத்து, கீழ்ப்பக்கம் 20 செ.மீ. வரை சுற்றிலும் துளை போடுங்கள். துளை உள்ள பகுதி மண்ணுக்குள் போகும்படி வரப்போரம் புதைத்து, உள்ளே இருக்கும் சேற்றைக் கையால் வழித்து எடுத்துவிடுங்கள். நட்ட 10, 15 நாளுக்குப் பிறகு, பைப்புக்குள் தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கினால் மட்டும் மோட்டாரைப் போட்டால் போதும். அப்போதும் வயலில் மண்ணுக்கு மேல் 5 செ.மீ. தண்ணீர் நின்றால் சரி.

மேல்மண் லேசாக வெடித்தாலே பயிர் காய்கிறது என்று பதறுவோம், முதல்முறை பயிர் வைக்கும் குடும்பம் என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் வேர் அந்த 15 செ.மீ.க்குள் ஈரத்தைத் தேடி இறங்கிக்கொள்ளும், விளைச்சல் குறையாது. டீசல் இன்ஜினில் இறைப்பவர்களுக்கு மிச்சம் கண்கூடாகத் தெரியும்.

பூக்கும் சமயத்தில், முன்னும் பின்னும் ஒரு வாரம், இதை மறந்துவிட்டுத் தண்ணீரைக் கட்டியே வையுங்கள். அப்போது காய்ந்தால் பதராகிவிடும். முறைவைத்து ஆற்றுத் தண்ணீர் வரும் வாய்க்கால் பாசனத்தில், வரும்போது பாய்ச்சத்தான் வேண்டும், பைப்பைப் பார்த்துக் காத்திருக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சம்பா வயலுக்கு வடிகால்தான் கவலை, இது அல்ல. வேதாரண்யம் பக்கம் போல உப்பு ஏறும் மண்ணிலும் வேண்டாம். காயவிட்டால் உப்பு மேலே வந்துவிடும்.