ஐல் ஆஃப் பைன்ஸ் போறவங்க வழக்கமா பண்ற தப்புங்க

பசிபிக் கடல்ல, பிரான்ஸுக்குக் கீழ இருக்கிற நியூ கலிடோனியாவோட பெரிய தீவுக்கு தெக்கால இருக்கிற இந்த குட்டித் தீவோட போட்டோவ இன்ஸ்டால பாத்துட்டு, வெள்ளை மணல், கண்ணாடி மாதிரி தண்ணி, ஒசர ஒசரமா பைன் மரம், இது போதும்டா சாமின்னு நிறைய பேர் கிளம்பிடுறாங்க. பீச் நெஜமாவே அப்படித்தான் இருக்கும், அதுல ஏமாத்து வேலை இல்ல. ஆனா அது எந்த ரிசார்ட்காரனோட இடமும் இல்ல, குனியேன்னு சொல்ற கனாக் மக்களோட (அங்கத்த பூர்வகுடிங்க) சொந்த மண்ணு. இருக்கிறதே சுமார் 2000 பேர், எட்டு பழங்குடிக் கூட்டம், எந்தப் பக்கம் போனாலும் அது யாரோ ஒருத்தரோட இடம்தான். முக்காவாசி தப்பு இது மண்டைல ஏறாததாலதான் நடக்குது.

மொதல்ல கானுமேரா பாறை. கரைக்குப் பக்கத்துலயே தண்ணிக்குள்ள, மேல மரமும் செடியுமா நிக்கும், பாத்த உடனே ஏறி நின்னு ஒரு போட்டோ போடலாம்னு கால் துறுதுறுங்கும். ஏறாதீங்க. அவங்களுக்கு அது புனிதமான பாறை, ஏறத் தடை இருக்கு. சுத்தி ஸ்நார்க்கல் (மூச்சுக் குழாய்) போட்டு நீந்துங்க, மீனெல்லாம் அங்கதான இருக்கு, மேல ஏறி என்னத்த பாக்கப் போறீங்க?

அடுத்தது, குடியிருப்புக்குள்ள கேக்காம கொள்ளாம நுழையறது. சும்மா ரோட்டுல போறதுக்கு ஒண்ணும் இல்ல, எதிர்ல வர்றவங்களுக்கு கை ஆட்டுங்க, அங்க எல்லாரும் ஆட்டுவாங்க. ஆனா யார் வீட்டுலயாச்சும் தங்கணும், அவங்க நிலத்து வழியா காட்டுக்குள்ள போகணும்னா ஒரு மரியாதை செய்யணும், பூப்போட்ட துணி ஒண்ணு, அது மேல ஒரு சின்ன நோட்டு வெச்சு, தொப்பிய கழட்டிட்டு, யாரு எதுக்கு வந்திருக்கோம்னு ரெண்டு வார்த்தை சொல்லிக் குடுக்கறது. இத டிப்ஸ்னோ லஞ்சம்னோ நினைக்கிறவங்க இருக்காங்க, அவங்கள என்ன சொல்றது.

ஓரோ பக்கத்துல இருக்கிற இயற்கை நீச்சல் குளத்துக்கு நிறைய பேர் பாய்மரத் தோணில ஊப்பி வளைகுடா வழியா போவாங்க. தோணி காலைலதான், அதுவும் கொண்டுபோய் இறக்கி விடறதோட சரி, அங்கிருந்து காட்டு வழியா முக்கா மணி நேரம் நடை. திரும்பி வர்ற வண்டிக்கு முன்னாடியே சொல்லி வெக்காம போயிட்டு மத்தியான வெயில்ல முழிக்காதீங்க. குளத்துல தரை தெரியுதேன்னு பவளத்து மேல நிக்கறதும் தப்பு, நீங்க ஒரு நிமிஷத்துல மிதிச்சு ஒடச்சது திரும்ப வளர்றதுக்கு வருஷக் கணக்காகும்.

சாப்பாடு விஷயம். பூன்யான்னு ஒண்ணு, யாம் கிழங்கு, டாரோ (சேப்பங்கிழங்கு), சக்கரவள்ளியோட கோழியோ மீனோ வெச்சு தேங்காப்பால் ஊத்தி வாழை எலைல கட்டி சூடான கல்லுக்கு நடுவுல வேக வெப்பாங்க. போன உடனே கேட்டா கெடைக்காது, மொத நாளே சொல்லணும். சைவம்னா அதையும் அப்பவே தெளிவா சொல்லிடுங்க. யூரோவ மட்டும் எடுத்துட்டுப் போகாதீங்க, அங்க பசிபிக் ஃபிராங்க், கைல ரொக்கமா வெச்சுக்கோங்க, கார்டை நம்பாதீங்க.

விசால மாட்டறவங்களும் உண்டு. பிரான்ஸ் இடம்தானே, ஐரோப்பாவுக்குப் போடற ஷெங்கன் விசா போதும்னு நினைப்பாங்க, போதாது, இந்தியன் பாஸ்போர்ட்னா பொதுவா நியூ கலிடோனியாவுக்குன்னே தனியா விசா போடணும், சிட்னி வழியா மாறினா ஆஸ்திரேலியா டிரான்சிட் விசாவும் சேத்து. 2024 மே மாசம் நியூ கலிடோனியாவுல நடந்த கலவரத்துக்கு அப்புறம் ஃபிளைட், போட் நேரமெல்லாம் நிறைய மாறிடுச்சு, பழைய வீடியோ பாத்து பிளான் போடாதீங்க.

ஜூலைல போறவங்க தீவுதானே சுடும்னு வெறும் பனியனோட போறாங்க. அங்க அப்போ குளிர்காலம், ராத்திரி ஸ்வெட்டர் தேடுவீங்க. நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் புயல் சீசன்.

கரையில கருப்பு வெள்ளைப் பட்டை போட்ட பாம்பு சுருண்டு கெடந்தா கத்தவும் வேணாம், குச்சியால குத்தவும் வேணாம். விஷம் கடுமைதான், ஆனா சாதுவான ஜீவன், ரெஸ்ட் எடுக்கத்தான் மேல வந்திருக்கும், சுத்திப் போயிடுங்க. உண்மைல பயப்பட வேண்டியது அழகா இருக்கேன்னு எடுத்து பாக்கெட்ல போடற கூம்புச் சங்குக்கு, உள்ள உசுரோட இருந்தா கொட்டும்.