புகாரை டீ வாங்கிக் கொடுத்து முடிக்காதீர்கள்

வேலூர் வட்டாரக் கல்லூரிகளில் மாணவர்களின் பாகுபாட்டுப் புகார்களைக் கவனிக்கும் சமவாய்ப்பு மையப் பொறுப்புக்குப் புதிதாக வரும் ஆசிரியர்களைப் பார்க்கிறேன். அன்று நான் செய்த அதே தவறுகளைச் செய்கிறார்கள். சாதி சொல்லித் திட்டக்கூடாது, நிறத்தைக் கேலி செய்யக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

கைகுலுக்க வைப்பது

நாகாலாந்து மாணவர் ஒருவர் எழுதிய புகாரோடு வந்தார். மெஸ்ஸில் ஐந்து பேர் தினமும் அவரை 'சிங்கி' என்று (வடகிழக்கு மாநிலத்தவரை இழிவாகச் சொல்லும் சொல்) கூப்பிட்டு, அவர் பேசுவது போலப் பேசிக் காட்டினார்களாம். நான் எல்லோரையும் என் அறைக்கு வரவழைத்து, டீ சொல்லி, "ஒரே ஹாஸ்டல் பசங்க, விளையாட்டா சொல்லிட்டாங்க, விட்டுடுப்பா" என்றேன். கைகுலுக்கினார்கள். நல்லது செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அன்று இரவே அவர் கதவை உதைத்திருக்கிறார்கள். புகார் கொடுத்தது யார் என்பதை அவர்களுக்குக் காட்டிக்கொடுத்தது நான். அடுத்த மாதம் அவர் டிசி வாங்கிக்கொண்டு காட்பாடியில் ரயில் ஏறிவிட்டார். மறு வருடம் அதே கும்பல் சூடான் மாணவர் ஒருவரிடம் வம்பு செய்தபோது, 'முதல் தடவைதானே' என்று எச்சரித்து அனுப்பினார்கள். முந்தைய புகார் தேதியும் எண்ணும் இல்லாமல் என் டிராயரில் கிடந்ததே காரணம். இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் ஆறவில்லை.

அதனால் புகாரைப் பதிவு செய்யுங்கள், நகல் கொடுங்கள், இரு தரப்பையும் தனித்தனியாக விசாரியுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) 2012 ஒழுங்குமுறை இதற்கென்றே ஓர் அதிகாரியை வைக்கச் சொல்கிறது. பழங்குடி மாணவர் என்றால் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வரலாம். அதைப் பேசி முடிக்க முதல்வருக்கே அதிகாரம் கிடையாது.

கிண்டல்தானே என்பவர்களுக்கு ஒன்று. 2014 ஜனவரியில் டெல்லி லஜ்பத் நகரில் அருணாசலப் பிரதேச மாணவர் நீடோ தானியாவின் தலைமுடியைக் கிண்டல் செய்ததில்தான் தகராறு தொடங்கியது. அடிபட்ட அவர் மறுநாள் இறந்துவிட்டார். நகரங்களில் வடகிழக்கு மக்கள் படும் பிரச்சினைகளை ஆராய மத்திய அரசின் பெஸ்பருவா குழு அமைந்தது அதற்குப் பிறகுதான்.

கல்ச்சுரல்ஸில் 'உங்க ஊர் டான்ஸ்' ஆடச் சொல்வது

வெளியூர் மாணவர் அவராகவே ஆடுகிறேன் என்று கேட்டால் மட்டும்.

சாதியை விட்டுவிட்டு இனவெறியைப் பற்றி மட்டும் பேசுவது

ஆடிட்டோரியத்தில் ஆப்பிரிக்க மாணவர்களுக்காக உருக்கமாகப் பேசிய ஆசிரியர், மறுநாள் வகுப்பில் "எஸ்சி, எஸ்டி எல்லாம் எழுந்திரிங்க, ஸ்காலர்ஷிப் ஃபாரம் வந்திருக்கு" என்றார். வகுப்பில் சாதியை அறிவிப்பதும் பாகுபாடு என்று அதே 2012 ஒழுங்குமுறை சொல்கிறது. ஃபாரத்தை அலுவலகத்தில் தனியாக வாங்கிக்கொள்ளச் செய்தால் போதும், யாரும் எழுந்து நிற்க வேண்டியதில்லை.

அறிவிப்பைத் தமிழில் மட்டும் ஒட்டுவது

வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்காக காந்தி ரோட்டுக் கடைக்காரர்கள் வங்காளத்தில் போர்டு வைத்திருக்கிறார்கள். நம் விடுதிச் சுவரில், புகாரை எந்த அறையில், யாரிடம் கொடுப்பது என்று ஆங்கிலத்திலும் இந்தியிலும் ஒரு தாளாவது இருக்கிறதா? இன்றைக்கே போய்ப் பாருங்கள்.