மடியும் மூலக்கூறு விருந்தாளியைப் பிடிப்பதைக் கஞ்சித் தெளிவில் காட்டும் முறை

கரைசலில் தானாக மடிந்து ஒழுங்கான வடிவம் எடுக்கும் செயற்கைச் சங்கிலிகளை வேதியியலாளர்கள் மடிமூலக்கூறுகள் என்கிறார்கள். அவற்றுட் சில நடுவே ஒரு குழியை அமைத்து, அக்குழிக்குள் இன்னொரு மூலக்கூறை விருந்தாளியாக ஏற்றுக்கொள்ளும். 1997இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜெப்ரி மூரும் உடனாய்வாளரும் பென்சீன் வளையங்களை அசெற்றிலீன் பிணைப்புகளால் கோத்துச் செய்த சங்கிலி, குளோரோபோமில் குலைந்து கிடந்தது. முனைவுத்தன்மை (மூலக்கூறில் மின்னேற்றம் சமமின்றிப் பரவியிருக்கும் தன்மை) கூடிய கரைப்பானில் சுற்றுக்கு ஆறு வளையம் வீதம் சுருளாக மடிந்தது. அத்தகைய சங்கிலியைக் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ உள்ள பாடசாலை ஆய்வுகூடத்தில் தொகுக்க முடியாது. ஆனால் அதே தத்துவத்தில் இயங்கும் இயற்கைச் சங்கிலி ஒன்று நம் அடுப்படியில், வடித்த கஞ்சிக்குள் இருக்கிறது.

அரிசி மாப்பொருளின் ஒரு கூறான அமைலோசு, சுற்றுக்கு ஏறத்தாழ ஆறு குளுக்கோசு அலகுகள் கொண்ட சுருளாக மடியக்கூடியது. அச்சுருளின் உட்புறம் நீரை அவ்வளவாக விரும்பாததால், அயடீன் அங்கே வரிசையாக அமர்ந்து கருநீலம் தருகிறது. அயடீன் அமர்வதே சுருளை உறுதிப்படுத்தவும் செய்கிறது. இலங்கையில் விளையும் அரிசி வகைகளிற் பெரும்பாலானவை அமைலோசு மிகுந்தவை என்பதால், இரணைமடுக் குளத்து நீரில் விளைந்த எந்தப் பச்சையரிசியும் இதற்குப் போதும்.

ஒரு தேக்கரண்டி அரிசி மாவை ஒரு கோப்பை நீரில் கரைத்து, கட்டிபடாமல் கிளறியபடி ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, மேலே நிற்கும் தெளிவை மட்டும் எடுக்க வேண்டும். வன்னியின் பல கிணறுகளில் நீர் கடினமானது. காரத்தன்மை கூடிய நீரில் அயடீன் மெல்ல வேறு சேர்மங்களாக மாறிவிடுமாகையால், பிடித்துவைத்த மழைநீரோ பட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரோ நல்லது. தெளிவில் ஒரு மேசைக்கரண்டியை அரைக் குவளை நீரில் கலந்து, காயத்துக்குப் பூசும் பொவிடோன் அயடீனில் ஒரு துளி விடுங்கள். குவளைக்குப் பின்னால் வைத்த விரல் நிழலாகத் தெரியுமளவுக்கு நீலம் மெலிதாக இருக்க வேண்டும்; அதைவிடக் கறுத்தால் நீர் சேர்த்து ஐதாக்குங்கள். நிறம் செறிந்தால் பின்னால் வரும் மாற்றம் கண்ணுக்குப் படாது.

இக்கரைசலை நான்கு சோதனைக் குழாய்களில் சம அளவாக ஊற்றி, முதலாவதை ஒப்பிடுவதற்காக அப்படியே வையுங்கள். இரண்டாவதைச் சுடுநீர்ப் பாத்திரத்தில் நிறுத்தினால் நீலம் கரைந்து வெளிறும். வெப்பத்தில் சுருளின் பிடி தளர்ந்து விருந்தாளி வெளியேறுகிறது. வெளிறியவுடனே குழாயை எடுத்துக் குளிர்நீரில் வைத்தால், அடியிலிருந்து மேலாக நீலம் திரும்பி வருவதைக் காணலாம். முதன்முறை செய்தபோது நான் குழாயை நெடுநேரம் கொதிநீரில் விட்டுவிட்டேன். அயடீன் ஆவியாகிப் போனதால் நிறம் திரும்பவில்லை, மாணவர்களும் சுருள் அழிந்துவிட்டது என்று பிழையாகக் குறித்துக்கொண்டார்கள். அந்தப் பிழையான விளக்கத்தைத் திருத்த அடுத்த பாடவேளை முழுவதும் தேவைப்பட்டது.

அதனாற்றான் மூன்றாவது குழாய் அவசியம். அதில் சில துளி தேசிக்காய்ச் சாறு விடுங்கள். இங்கும் நீலம் மறையும், ஆனால் குளிரவைத்தாலும் திரும்பாது. சாற்றிலுள்ள உயிர்ச்சத்து சி அயடீனை, நீலம் தராத அயடைட்டாகத் தாழ்த்திவிட்டது. விருந்தாளி வெளியேறுவதும் விருந்தாளியே இல்லாமற் போவதும் ஒரே தோற்றத்தைத் தரும் என்பதை இந்த இரு குழாய்களைப் பக்கத்தில் வைத்துத்தான் விளக்க முடியும்.

நான்காவது குழாய்க்கு அடுப்பை அணைத்துவிட்டு, சுவாலை எதுவுமில்லாத இடத்துக்கு வாருங்கள். அதில் மூன்று மடங்கு சத்திரசிகிச்சை ஸ்பிரிட்டும், ஒப்பிடும் முதற் குழாயில் அதே அளவு நீரும் சேர்த்துக் கலக்குங்கள். நீர் சேர்த்தது நீலமாகவே ஐதாகும். ஸ்பிரிட் சேர்த்தது நீலமிழந்து மஞ்சள் பக்கம் சாயும், சில வேளை மாப்பொருள் வெண்துகளாகவும் பிரியும். அயடீன் ஸ்பிரிட்டிலுள்ள மதுசாரத்தில் இலகுவாகக் கரைவதால் குழிக்குள் ஒதுங்கவேண்டிய தேவை அதற்குக் குறைந்துவிடுகிறது. மூரின் குழுவும் தம் செயற்கைச் சுருளுக்குள், பைன் மரத் தைலத்திலுள்ள அல்பா-பைனீனை, நீர் கலந்த அசெற்றோநைத்திரைல் என்ற கரைப்பானில் பிடித்துக் காட்டியது. கரைப்பானில் நீரின் பங்கு கூடக்கூடப் பிடியும் இறுகியது. முதலாம், நான்காம் குழாய்களை வெள்ளைத் தாளின் முன் பிடித்து, விருந்தாளியைக் குழிக்குள் தள்ளுவதில் நீரின் பங்கு என்ன என்பதை மாணவர்களே எழுதட்டும்.