மெதுவாகிப்போன கணினி: கை வைக்கும் முன்

ஐந்தாறு வருடம் ஓடிய லேப்டாப். 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க். ஆன் செய்துவிட்டுக் காபி குடித்து முடித்தாலும் மவுஸ் சுட்டி சுற்றிக்கொண்டே இருக்கும். உடனே யாராவது சொல்வார்கள்: "ஃபார்மேட் அடிச்சிடலாம்." கடைசியில் வரவேண்டிய யோசனை அது.

மெதுவாவதற்கான காரணத்தைப் பார்க்காமலே வேலையைத் தொடங்குவதுதான் முதல் தவறு. ஆன் செய்து பத்து நிமிடம் சும்மா விடுங்கள். தொடக்கத்தில் எல்லாக் கணினியும் மூச்சு வாங்கும். பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். சிபியு, மெமரி, டிஸ்க் மூன்றில் எது 90 சதவீதத்துக்கு மேலேயே நிற்கிறது என்று பாருங்கள். மற்ற இரண்டையும் சரிசெய்து பயனில்லை.

அங்கேயே பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியுவைத் தொட்டால் 'அப் டைம்' தெரியும். தினமும் தவறாமல் ஷட் டவுன் செய்கிற கணினியிலும் அது 23 நாள் என்று காட்டலாம். விண்டோஸ் 8-இலிருந்து வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியால், ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் உட்பகுதி முழுதாக அணைவதில்லை. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். பல புகார்கள் இதிலேயே தீர்ந்துவிடும்.

டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் நிதானம் வேண்டும். டிஸ்க் வரைபடத்துக்குக் கீழே 'ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்' என்று ஓர் எண் ஓடும். நல்ல ஹார்டு டிஸ்க்கில் அது சில பத்து மில்லிசெகண்ட். வேலை நெருக்கும்போது நூற்றைத் தாண்டலாம். வாசிப்பு வேகம் ஏறக்குறைய பூஜ்யமாக இருக்க, இந்த எண் மட்டும் ஆயிரக்கணக்கில் ஏறி நின்றால் டிஸ்க் சாகக் கிடக்கிறது என்று சந்தேகப்படுங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓட்டி, 05, சி5 என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். 05 என்பது ஏற்கெனவே கெட்டு மாற்றப்பட்ட செக்டார்கள், அதாவது டிஸ்க்கின் சிறு பகுதிகள். சி5 என்பது படிக்க முடியாமல் காத்திருப்பவை. சி5-இன் மூல மதிப்பு (ரா வேல்யூ) பூஜ்யமாக இல்லாவிட்டால் வேறு எதையும் தொடாதீர்கள்.

இந்த இடத்தில்தான் பலர் டிஸ்க்கின் பிழைகளைத் தேடும் விண்டோஸின் செக் டிஸ்க் கருவியை, '/r' சேர்த்து முழுப் பரப்பையும் சோதிக்கும்படி ஓடவிடுவார்கள், அல்லது சிதறிய கோப்புகளை ஒழுங்குபடுத்தும் டீஃப்ராக் செய்வார்கள். இரண்டுமே நொண்டிக்கொண்டிருக்கும் டிஸ்க்கை மணிக்கணக்கில் ஓடவைப்பவை. காலையில் எழுந்து பார்த்தால் டிஸ்க்கே தெரியாது. முதலில் படங்கள், ஆவணங்கள், கணக்குகள் ஆகியவற்றை வெளி டிஸ்க்குக்கு நகலெடுங்கள். ஒரு ஃபோல்டரில் சிக்கி நின்றால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். சிக்கியதைக் கடைசியில் பார்க்கலாம். 'டக் டக்' என்று சத்தம் வந்தால் அந்த நொடியே அணைத்துவிட்டு, தரவு மீட்பவர்களிடம் கொடுங்கள். ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்பதெல்லாம் கதை.

டிஸ்க் நலமாக இருந்து மெதுவாக மட்டும் இருந்தால், சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டிக்கு மாறுங்கள். பழைய லேப்டாப்புக்கு இதைவிடப் பலன் தரும் செலவு கிடையாது. ஆனால் எம்.2 என்ற சிறு அட்டை வடிவத்தில் வரும் எஸ்எஸ்டி எல்லாம் ஒன்றல்ல. சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு வகை உண்டு: சாட்டா மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் என்விஎம்இ வேலை செய்யாது. மாடல் எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மாற்றிய பிறகு பழைய டிஸ்க்கை ஒரு மாதமாவது அழிக்காமல் வையுங்கள். எஸ்எஸ்டிக்கு டீஃப்ராக் மென்பொருள் தேவையில்லை. அதற்கு வேண்டிய 'ட்ரிம்' வேலையை, அதாவது அழித்த கோப்புகளின் இடம் காலி என்று எஸ்எஸ்டிக்குச் சொல்வதை, விண்டோஸே செய்துகொள்ளும்.

ரேமிலும் இதே கவனம் வேண்டும். 1.35 வோல்ட் டிடிஆர்3எல் மட்டும் ஏற்கும் லேப்டாப்பில் 1.5 வோல்ட் டிடிஆர்3 போட்டால் பெரும்பாலும் திரையே வராது. ரேம் குறைவாக இருக்கும்போது பேஜ் ஃபைலை (ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் பயன்படுத்தும் கோப்பு) அணைப்பது இன்னொரு வேண்டாத வேலை. மெமரியில் இடம் தீர்ந்ததும் திறந்திருக்கும் நிரல் சேமிக்காத வேலையோடு மூடிக்கொள்ளும்.

ரெஜிஸ்ட்ரி கிளீனர், டிரைவர் அப்டேட்டர் வகையறாவை இறக்கவே வேண்டாம். விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் சில ஆயிரம் பழைய பதிவுகள் கிடப்பதால் வேகம் குறைவதில்லை; தேவையான ஒன்றை கிளீனர் அழித்துவிட்டால்தான் வம்பு. இரண்டு ஆன்டிவைரஸும் வேண்டாம். ஒவ்வொரு கோப்பையும் இரண்டு பேர் சோதித்தால் நேரமும் இரட்டிப்பு.

சி டிரைவில் இடம் இல்லையென்று விண்டோஸ் ஃபோல்டருக்குள் போய் வின்எஸ்எக்ஸ்எஸ், இன்ஸ்டாலர் ஃபோல்டர்களை அழிக்கிறார்கள். பிறகு அப்டேட்டும் ஏறாது, போட்ட மென்பொருளை நீக்கவும் முடியாது. செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போய் அழியுங்கள். அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸும் இருக்கும். அதில் டிக் விழுந்துவிடாமல் பாருங்கள்.

அரை மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு தளர்ந்தால் சூடுதான் காரணமாக இருக்கும். ஃபேனுக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே தூசி கம்பளி போல அடைந்திருக்கும். ஊதும்போது ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் சுழலவிட்டால் பேரிங் போகும்.

விண்டோஸுக்கு முன்பே ஓடும் பயாஸில் கை வைக்கும் முன், டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புக் குறியீட்டை எடுத்து வையுங்கள்; மாற்றிய பிறகு அதைக் கேட்கலாம். புதிய லேப்டாப்புகள் பலவற்றில், நீங்கள் கேட்காமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும்.

எல்லாம் பார்த்தும் ஃபார்மேட்தான் வழி என்றால், டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் மட்டும் எடுத்துவிட்டு உட்காராதீர்கள். டேலி டேட்டா ஃபோல்டர், அவுட்லுக்கின் மின்னஞ்சல்கள் இருக்கும் பிஎஸ்டி கோப்பு, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் எல்லாம் வேறு வேறு இடத்தில் இருக்கும். விண்டோஸுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் நகலெடுங்கள். பாமினியிலோ வானவில்லிலோ அடித்த பழைய கடிதம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் திறக்கும்.